அது என் கையெழுத்து இல்லை என்றேன்

மெர்சி யாருடைய கையெழுத்தையும் போலியாகப் போடவில்லை. அந்தப் படிவத்தில் இருந்தது என் கையெழுத்துதான். நானே போட்டது. பட்டப்பகலில், முழு அறிவோடு, என் பேனாவால் போட்டது. பிறகு ஓர் அரசு அதிகாரியின் முன்னால் நின்று, அது என்னுடையது இல்லை என்று சொன்னேன்.

ஆறு வருடங்களாகிவிட்டன. என் கணவருக்குக்கூட இது தெரியாது. உங்களிடம் சொல்வதற்குத் துணிச்சல் காரணமில்லை... என்னைத் தெருவில் பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது என்பதுதான் காரணம்.

என் பெயர் கௌதமி. கோலார் தங்கவயலில் ஒரு தனியார் மருத்துவமனையில் பத்தொன்பது வருடங்களாகச் செவிலியாக இருக்கிறேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்குப் போய் வேலை செய்துவிட்டு இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள். என் கணவரும் அப்படித்தான். ஊருக்குள்ளேயே, வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு வேலை கிடைத்தவளைப் பார்த்து இங்கே எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பெருமூச்சுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குப் பயம் வந்ததோ? இந்த வேலை போனால் நான் யார் என்கிற பயம்...

மெர்சி எனக்குப் பின் மூன்று வருடங்கள் கழித்துச் சேர்ந்தாள். தங்கவயலிலேயே ஊரிகம் பகுதிப் பெண். வேகமாக நடப்பாள், உரக்கப் பேசுவாள். குழந்தைகள் வார்டில் ஊசி போட யாருக்கும் நரம்பு கிடைக்காவிட்டால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு டைபாய்டு வந்து படுத்தபோது பதினோரு நாள் என் டியூட்டியையும் சேர்த்து அவள் பார்த்தாள். திரும்பி வந்து நன்றி சொன்னேன். "இன்னாக்கா புதுசா மரியாதையெல்லாம்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

எங்கள் மருத்துவமனையில் ஏற்கெனவே ஒரு சங்கம் இருந்தது. ஆயாக்கள், வார்டு பாய்கள், செவிலியர் என எல்லோருக்கும் ஒரே சங்கம். மருந்து ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் அதன் செயலாளர். நிர்வாகத்துக்கு வேண்டியவர் என்று தெரியும். இருந்தாலும் எங்களுக்குக் கெடுதல் செய்ய மாட்டார் என்றுதான் நம்பியிருந்தோம்.

ஒரு மதியம், புதிதாகச் சேர்ந்த செவிலி ஒருத்தி இரண்டு வார்டுகளைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்டில் அவள் ட்ரிப்ஸ் மாற்றிக்கொண்டிருக்கையில் அடுத்த வார்டில் வயதான அம்மாள் ஒருவர் கட்டிலிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். விசாரணை வைத்தார்கள். இரண்டு வார்டுக்கு ஒருத்தியை நிறுத்தியது யார் என்று எவரும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார வேண்டிய சங்கச் செயலாளர், மேனேஜரின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எல்லாம் அவளுடைய கவனக்குறைவு என்று எழுதிய தாளில் சாட்சிக் கையெழுத்தும் போட்டார். அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் உடை மாற்றும் அறையில் மெர்சி சொன்னாள்: "நமக்காக பேச வேண்டியவரு நமக்கு எதிரா சாட்சி போட்றாரு. இதுக்கு பேரு சங்கமா? நர்சுங்களுக்குன்னு தனியா ஒண்ணு வேணும்க்கா."

ஆயாக்களுக்கு அது பிடிக்கவில்லை. கமலம்மா என்ற ஆயா வாசலிலேயே மடக்கினாள். "இன்னா சிஸ்டர், நாங்க பெட்பேன் எடுக்கறவங்கன்னு எங்கள வுட்டுட்டு தனியா போறீங்களா?"

"அப்டி இல்லம்மா. அந்த பொண்ணுக்கு ஆனது நாளைக்கி உங்களுக்கும் ஆவும். அப்ப நாங்க வந்து நிப்போம்" என்றாள் மெர்சி. கமலம்மா நம்பினாளோ இல்லையோ, வழியை விட்டாள்.

உறுப்பினர் படிவங்கள் அச்சாகி வந்தன. ஒரு நண்பகலில், பஞ்சு டப்பா ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் முதல் படிவத்தை வைத்தாள் மெர்சி.

"அக்கா, நீங்க சீனியர். நீங்க மொதல்ல போட்டாதான் மத்த பொண்ணுங்க தைரியமா போடும்."

போட்டேன். நான் எப்போதும் தமிழில்தான் கையெழுத்திடுவேன். ‘கௌதமி’ என்று எழுதி, கடைசி எழுத்தின் சுழியைக் கீழே இறக்கி ஒரு கோடு இழுப்பேன். அன்றைக்கு அந்தக் கோடு வழக்கத்தைவிட நீளமாகவே விழுந்தது. பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். எனக்குப் பின்னால் முப்பது பேர் போட்டார்கள்.

நிர்வாகம் புதுச் சங்கத்தை ஏற்கவில்லை. செவிலியருக்காகப் பேசத் தங்களுக்குத்தான் உரிமை என்று பழைய சங்கமும் மனுப் போட்டது. யாருக்கு உண்மையிலேயே ஆள் இருக்கிறது என்பதைக் கோலாரில் உள்ள தொழிலாளர் அலுவலகம் சரிபார்க்கும் என்று முடிவானது. கையெழுத்துப் போட்டவர்களை ஒவ்வொருவராக அழைத்து, ‘இது உங்களுடையதா’ என்று கேட்பார்கள். பாதிச் செவிலியருக்கு மேல் ‘ஆம்’ என்று சொன்னால் போதும். ஒரே ஒரு சொல்...

அதற்கு நான்கு நாள் முன்பு மேனேஜர் என்னை அழைத்தார்.

"கூத்கொளி சிஸ்டர்" என்று கன்னடத்தில் சொல்லி நாற்காலியைக் காட்டினார். மேசைமேல் ஒரு பச்சைக் கோப்பு. அதை நான் உடனே அடையாளம் கண்டேன். வேலையில் சேரும்போது எங்கள் சான்றிதழ்களின் அசலை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அந்தக் கோப்பில் என் படிப்பு முழுவதும் இருந்தது. அவர் அதைத் திறக்கவில்லை. அதன்மேல் கையை மட்டும் வைத்திருந்தார்.

"யாரோ உங்க பேர்ல கையெழுத்து போட்டிருக்காங்க போல. நீங்க அந்த மாதிரி ஆள் இல்லன்னு எனக்கு தெரியும். நீங்களே போட்டிருந்தாலும் சொல்லுங்க, தப்பு ஒண்ணும் இல்ல."

நன்றாகக் கவனியுங்கள். அவர் மிரட்டவில்லை. குரல் உயரவில்லை. காபி கூட வரவழைத்தார். நான் மிரட்டப்பட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

"நான் போடல சார்" என்றேன்.

என் வாயிலிருந்து அது வந்த வேகத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு சில்லிடுகிறது. யோசித்துச் சொன்ன பொய் அன்று. சூடான பாத்திரத்தைத் தொட்ட கை பின்வாங்குமே, அப்படி வந்தது. என்னைப் பற்றி எனக்கே தெரியாமலிருந்த ஒன்று அன்றைக்குத் தெரிந்தது. அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

அன்று மாலை மெர்சி கேட்டாள். "மேனேஜர் கூப்ட்டாராமே, இன்னாக்கா சொன்னாரு?"

"டியூட்டி லிஸ்ட் பத்தி" என்றேன்.

அந்த நான்கு நாட்களில் எப்போதாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். ‘என்னால் முடியாது, என் பெயரை எடுத்துவிடு’ என்று ஒரு வார்த்தை. அவள் திட்டியிருப்பாள், பிறகு எடுத்திருப்பாள். ஏன் சொல்லவில்லை? அவள் முகம் சுருங்குவதைப் பார்க்க நேரிடுமே என்று... இதையும் எழுதத்தான் வேண்டும்.

கோலாருக்கு நாங்கள் எல்லோரும் ஒரே வேனில் போனோம். மெர்சி வழியெல்லாம் சிறுசிறு பெண்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தாள். "ஆமான்னு ஒரு வார்த்த. அத்தோட எறங்கி வந்து டீ குடிக்கலாம்" என்றாள்.

அலுவலகத்தில் நீளமான மேசை. ஒரு பக்கம் மேனேஜரும் பழைய சங்கத்தின் செயலாளரும். மறுபக்கம் மெர்சி. நடுவில் அதிகாரி. எங்களைச் சுவரோரம் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். சீனியாரிட்டிப்படி அழைத்தார்கள். முதல் பெயர் என்னுடையது.

அதிகாரி படிவத்தை என் பக்கம் திருப்பினார். அந்த நீளமான கோட்டை நான் பார்த்தேன்.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

"இல்ல சார்."

அதிகாரி மறுபடியும் கேட்டார். "நல்லா பாத்து சொல்லுங்க."

"என்னுது இல்ல. யார் போட்டாங்கன்னு தெரியாது."

அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. மேனேஜரும் சொல்லித்தரவில்லை. நானாகச் சேர்த்தேன். மெர்சியின் கையில் விலங்கு மாட்டியது அந்த வாக்கியம்தான்.

மெர்சி எழுந்து நின்றாள். கத்தவில்லை. "கௌதமி சிஸ்டர், என்னப் பாத்து சொல்லுங்க" என்றாள். பத்து வருடம் என்னை அக்கா என்று அழைத்தவள்.

நான் அதிகாரியின் மேசையிலிருந்த கண்ணாடிப் பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு நீலப்பூ இருந்தது. அந்தப் பூவின் இதழ்களை எண்ணினேன்... ஆறு.

எனக்கு அடுத்து வந்த பெண்ணும் இல்லை என்றாள். அதற்கு அடுத்தவளும். பெஞ்சில் உட்கார்ந்தபடி என் பதிலைக் கேட்டவர்கள் அவர்கள். சீனியர் சிஸ்டரே பின்வாங்கினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? மொத்தம் பதினோரு பேர் மறுத்தோம். பாதிக்கு மேல் என்கிற கணக்கு உடைந்துபோனது.

மெர்சி அதிகாரியிடம் கேட்டாள்: "சார், ஆஸ்பத்திரியில தினம் வருகை அட்டையில கையெழுத்து போட்றாங்க. அத்த வரவச்சு ஒப்பிட்டு பாருங்க." அதிகாரி ஒப்புக்கொண்டார். பத்து நாள் தவணை கொடுத்தார்.

இத்துடன் என் குற்றம் முடிந்துவிட்டது என்று நினைத்தீர்களா?

இரண்டு நாள் கழித்து, மதிய உணவுக்குப் பிறகு, எங்கள் பதினோரு பேரையும் எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் உள்ள ரெக்கார்டு அறைக்கு வரச் சொன்னார்கள். மேசைமேல் புது வருகை அட்டைகள். கடந்த ஒரு வருடத்துக்கு உரியவை. தேதிகளும் நேரங்களும் பழைய அட்டைகளிலிருந்து அப்படியே எழுதப்பட்டிருந்தன. கையெழுத்துக்கான கட்டங்கள் மட்டும் காலி. ஆளுக்கு மூன்று பேனாக்கள் கொடுத்தார்கள், மை ஒன்றுபோல இருக்கக் கூடாதல்லவா.

"வேற மாதிரி போடுங்க. நீங்க இங்கிலீஷ்ல போடுங்க சிஸ்டர்" என்றார் அலுவலக எழுத்தர். எதுவும் தெரியாதவர்போல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஏறக்குறைய முந்நூறு கட்டங்கள். பரீட்சை எழுதுகிற கூடம்போல இருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. முதல் மாதத்து அட்டையில் என் ஆங்கிலக் கையெழுத்து கோணலாக வந்தது. நான்காவது மாதத்தில் பழகிவிட்டது. பன்னிரண்டாவது மாதத்தில் அது பிறந்ததிலிருந்தே என்னுடையது போல ஓடியது. ஒரு பெண் மட்டும் இடையில் எழுந்துபோய் வாந்தியெடுத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

பழைய அட்டைகள் என்னவாயின? தெரியாது. கேட்கவும் பயம்.

ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் பொருந்தவில்லை. பழைய சங்கமே செவிலியருக்கும் பிரதிநிதி என்று முடிவானது. மெர்சியை முதலில் இடைநீக்கம் செய்தார்கள், பிறகு வேலையை விட்டே நீக்கினார்கள். பதினோரு பேரின் கையெழுத்தைப் போலியாகப் போட்டாள் என்று போலீசிலும் புகார் கொடுத்தார்கள். ஒரு பகல் முழுவதும் அவள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் என்று கேள்விப்பட்டேன். அன்று மாலை நான் வீட்டில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். என் கணவர், "அந்த மெர்சி பொண்ணா இப்டி பண்ணுச்சு? நம்பவே முடியல" என்றார். நான் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

ஆறு மாதத்தில் என்னை வார்டு இன்சார்ஜ் ஆக்கினார்கள்.

வழக்கு உள்ளவளை எந்த மருத்துவமனை சேர்த்துக்கொள்ளும்? மெர்சி இப்போது பழைய சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் படுக்கையில் கிடப்பவர்களுக்குப் புண் கட்டுகிறாள், ஊசி போடுகிறாள். ஒருமுறை மார்க்கெட்டில் அவளைத் தூரத்தில் பார்த்ததும் வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். நாற்பத்தைந்து வயதுப் பெண், செருப்பைச் சரிசெய்கிறவள்போல... கடைக்காரர், "இன்னா சிஸ்டர், எதுனா வுழுந்துடுச்சா?" என்று கேட்டார்.

பயம் என்பது ஒருநாள் வந்து போகிற விஷயம் இல்லை என்பதை இந்த ஆறு வருடங்களில் கற்றேன். மற்ற பத்துப் பேரில் எவள் எப்போது வாயைத் திறப்பாளோ என்று பயம். அவர்களில் ஒருத்தி வளைகுடாவுக்கு வேலைக்குப் போனபோது நிம்மதியடைந்தேன். காக்கிச் சட்டை யார் மேலிருந்தாலும் பயம், அது மின்வாரிய ஊழியர் சட்டையாக இருந்தாலும். மெர்சிமேல்கூட ஒருவித பயம். அவள் என்னை ஏதாவது செய்துவிடுவாள் என்பதால் அன்று. அவள் இதுவரை எதுவுமே செய்யவில்லை என்பதால்.

சென்ற மாதம் சம்மன் வந்தது.

காலை பத்து மணி. ஊசி மருந்துத் தட்டோடு வார்டில் நின்றுகொண்டிருந்தேன். கான்ஸ்டபிள் ஒருவர் வந்து, "கௌதமி நீங்கதானா? கோர்ட்டுல சாட்சி சொல்லணும், இதுல ஒரு கையெழுத்து போடுங்க" என்றார். ஆங்கிலத்தில் போட்டேன். அவர் போனார். நான் இன்சுலின் ஊசியை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போய், நோயாளியின் சட்டையை விலக்கிச் சதையைப் பிடித்தேன்.

"எனக்கு சுகர் இல்லியேம்மா" என்றார் அவர்.

பக்கத்துக் கட்டிலுக்குப் போக வேண்டிய ஊசி. அவர் தூங்கிக்கொண்டிருந்தால்? பேச முடியாதவராக இருந்திருந்தால்? கழிவறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நின்றேன். அந்தப் புதுச் செவிலியை ஒரு விபத்துக்காக வேலையை விட்டு அனுப்பினார்கள். என்னை?

மருத்துவமனையின் வக்கீல் வந்து பேசினார். "ஒரே வரிதான் சிஸ்டர். என் கையெழுத்து இல்ல. அவ்ளோதான். அங்க சொன்னத இங்க சொல்லப் போறீங்க."

அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். சொல்லிவிடுவது என்று. இதை நீங்கள் நம்ப வேண்டும். என் பான் கார்டில் பழைய தமிழ்க் கையெழுத்து இருக்கிறது. டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அதை எடுத்துக் கைப்பையில் வைத்தேன். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். ‘அது என் கையெழுத்துதான், ஐயா. நானே போட்டேன்.’ மூன்று நாட்கள் பழகினேன். வேலை போகும், பொய்ச்சாட்சி என்று என்மேலும் வழக்கு வரும், கணவருக்கும் மகளுக்கும் தெரியும்... எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் துணிந்தேன். அல்லது துணிந்துவிட்டதாக நினைத்தேன்.

போன வியாழக்கிழமை கோர்ட்டுக்குப் போனேன். வராண்டாவில் மெர்சி நின்றுகொண்டிருந்தாள். காதோரம் முடி வெளுத்திருந்தது. அவளுடைய வக்கீல் ஏதோ சொல்ல, தலையாட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நான்தான் திருப்பிக்கொண்டேன். இன்னும் கொஞ்ச நேரம், பிறகு இவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பதினொன்றரை மணிக்குக் குமாஸ்தா வெளியே வந்தார். ஜட்ஜ் இன்றைக்கு விடுப்பு என்றும், எல்லா வழக்குக்கும் வேறு வாய்தா என்றும் சொன்னார். எங்கள் வழக்குக்கு இரண்டு மாதம் தள்ளி ஒரு தேதியைப் படித்தார்.

என் உடம்பு முழுவதும் தளர்ந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. சந்தோஷம்... ஆம், அந்தச் சொல்லைத்தான் எழுத வேண்டும். பிழைத்துவிட்டேன் என்று என் உள்ளே ஏதோ ஒன்று குதித்தது. உண்மையைச் சொல்லத்தான் வந்தவள் என்றால், சொல்ல முடியாமல் போனதற்கு ஏன் இத்தனை சந்தோஷம்? உள்ளே அழைத்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? கண்ணாடி முன் பழகியதையா, மேனேஜர் அறையில் கை சுட்டதுபோல் வாயிலிருந்து வந்ததையா?

நிமிர்ந்தபோது மெர்சி எதிரில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ தெரியாது.

"நிம்மதி ஆய்டுச்சா?" என்று கேட்டாள்.

கேலியாகக் கேட்கவில்லை. வார்டில் வலி ஊசி போட்ட பிறகு நோயாளியிடம் கேட்பாளே, அந்தக் குரலில் கேட்டாள். பிறகு, ஊரிகத்தில் ஒருவருக்குக் கட்டு மாற்ற வேண்டியிருக்கிறது என்று தன் வக்கீலிடம் சொல்லிக்கொண்டு, படியிறங்கி வேகமாக நடந்து போனாள்.

இன்னும் ஐம்பத்திரண்டு நாட்கள் இருக்கின்றன. அந்த நாள் காலையிலும் ஜட்ஜ் விடுப்பில் இருக்க வேண்டும் என்று நேற்று என்னையறியாமல் வேண்டிக்கொண்டேன்.